எழும்பி நிண்டா அது தலையிடி இல்ல

கல்முனை
05.01.2025

அன்பு மருமகள் நப்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கல்முனைக் கடற்கரை தொடங்கி இறக்காமத்து வயல் வட்டை வரைக்கும் புகழ் பரந்தவரும், பெயரைக் கேட்டாலே காட்டு யானைகள் வாலைச் சுருட்டுகிறவரும், உன் தாய்க்குக் கூடப்பிறந்த ஒரே காக்காவுமாகிய மீராசாப் போடியார் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் உம்மா றுமானாவும், தங்கச்சி ஹஸ்னாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். மெல்பர்னில் உன் சுகமும் மாப்பிள்ளை றிபாஸின் சுகமும் அப்படியே இருக்கத் துஆக் கேட்கிறோம்.

நீ ஃபோனைப் பார்க்கக் கூடாதாமே. அந்த வெளிச்சம் கண்ணுக்குள்ளே ஊசியாய் இறங்கித் தலையிடியைக் கிளப்புதாம். றிபாஸ் சொன்னான். "அப்ப என்ட குரலை அனுப்புறன், கேக்கட்டும்" என்றேன். "மாமா, உங்கட குரலுக்கும் டொக்டர் தடை போட்டிரிக்கார்" என்றான் அந்த மரியாதை கெட்டவன். ஆகையால் வேறு வழியின்றிப் பேனையைத் தூக்கிவிட்டேன். தபால் கந்தோரில் போய் "அவுஸ்திரேலியாவுக்கு ஒரு கடிதம்" என்றேன். முத்திரை விற்கிற பிள்ளை எழும்பி நின்றுவிட்டாள். கூரையில் இருந்த புறா அதிர்ச்சியில் அந்த இடத்திலேயே முட்டையிட்டது. பொய்யென்றால் வந்து புறாவைக் கேள்.

உனக்கு ஸ்கேன் சத்தத்தாலே தலைக்கு வைத்தியம் பார்க்கப் போகிறார்களாம் என்று உன் மாமியிடம் ஒரு சொல் சொன்னேன். நம் ஊரில் ஸ்கேன் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும்தானே. அஸர் தொழுகைக்குள் தெரு முழுக்கப் பரவி, மஃரிபுக்குத் தொதல் பலகாரம் வந்து சேர்ந்தது. "என்னகா இது, புள்ள தலையிலயா தங்கியிரிக்கி?" என்று ஒரு கிழவி கேட்டதாகக் கேள்வி. தொதலைத் திருப்பிக் கொடுப்பது சுன்னத்தான முறை இல்லை என்று நானே தின்று முடித்தேன்.

ஹஸ்னாவுக்கு நிந்தவூரில் இருந்து ஒரு கலியாணப் பேச்சு வந்திருக்கிறது. நல்ல பொடியன், என்ஜினியர். உன் வாப்பா மௌத்தான நாளில் இருந்து உங்கள் இருவரின் பாரமும் என் தலையில்தானே. நல்லவேளை, இது இடிக்காத தலை.

உம்மா தானே ரெண்டு வரி எழுத இருந்தா. கொஞ்சம் களைப்பு, அறையைச் சாத்திப் படுத்திருக்கிறா. வேறொன்றும் இல்லை.

யானைகளுக்கு வெடி, மருமக்களுக்குப் பஞ்சு,
மீராசா மாமா

•

மெல்பர்ன்
02.02.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், நானும் றிபாஸும் நல்ல சுகம். உம்மா, ஹஸ்னா, மாமி எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கோ.

உங்கட கடிதத்தைத் திரைச்சீலையைப் பாதி இழுத்து வைத்துவிட்டு வாசித்தேன். காகிதம் கண்ணைக் குத்தவில்லை. புறாவுக்குச் சிரித்ததில்தான் தலை இடித்தது. பரவாயில்லை.

மாமா, இது பிள்ளை பார்க்கிற ஸ்கேன் இல்லை. ஆனால் அதே சாதிச் சத்தம், காதுக்குக் கேட்காத சத்தம். வில்லைக் கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியில் சேர்க்கும்தானே, அதுபோலச் சத்தத்தை ஒரு புள்ளியில் சேர்த்து மண்டையோட்டைத் தாண்டி உள்ளே அனுப்புவார்கள். வெட்டுவதில்லை, துளைப்பதில்லை, முடி மழிப்பதுமில்லை. பசை பூசிக் கருவியை நெற்றிப்பொட்டில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். இன்னும் பரிசோதனையில்தான் இருக்கிறது. சுகமாகும் என்று ஒருவரும் வாக்குக் கொடுக்கவில்லை. சேருகிற ஆட்களைக் குலுக்கிப் போட்டு ரெண்டாகப் பிரிப்பார்களாம். ஒரு பகுதிக்குச் சத்தம் போகும். மற்றப் பகுதிக்குக் கருவி சும்மா வாய்மூடி இருக்கும். யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, வைக்கிற நேர்ஸுக்கும் தெரியாது.

இருந்தாலும் எனக்கு ஆசையாக இருக்கிறது. பதினாலு வயதில் தொடங்கியது. எத்தனை விதமான குளிசை விழுங்கிவிட்டேன். ஊசியும் போட்டுப் பார்த்தாயிற்று. மிச்சம் இருக்கிற கதவு இது ஒன்றுதான்.

முதல் ஒரு மாதம், தலையிடி வந்த நாட்களை ஓர் அட்டையில் குறிக்க வேண்டும், பத்துக்கு எத்தனை என்று. மாதத்தில் பாதி நாளாவது இருந்தால்தான் எடுப்பார்களாம்.

டொக்டர் இன்னொன்றும் கேட்டார். உன் தாய்க்கு இந்த வருத்தம் இருக்கா என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. நாங்கள் சின்னதாக இருக்கும்போது உம்மா அறையைச் சாத்திக்கொண்டு ஒரு நாள் முழுக்க வெளியே வரமாட்டா. "உம்மா தஸ்பீஹ் ஓதிட்டு இரிக்கா, சத்தம் போடாதீங்க" என்று நீங்கள்தான் வாசலில் கதிரை போட்டு இருப்பீங்க. அது தஸ்பீஹ்தானா மாமா?

உங்கள் மருமகள்,
நப்லா

•

கல்முனை
20.02.2025

அன்பு மருமகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். யாவரும் சுகம். உன் சுகத்துக்கு ஊரே துஆக் கேட்கிறது. கேட்காதவர்களின் பெயரைக் குறித்து வைத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை இறக்காமத்து வட்டையில் பெரிய யுத்தம். காவல் வாடியில் நான் தனியே. எதிரே கொம்பன், நம் பெரிய பள்ளிவாசல் உயரம். என் யானைவெடி நமுத்துப் போயிற்று. என்ன செய்வது? ஸலாம் சொன்னேன். அது தும்பிக்கையை நெஞ்சில் வைத்துப் பதில் சொன்னது! மறுகா என் அரை ஏக்கர் வேளாண்மையைத் தின்றுவிட்டு, போகும்போது வரம்பை மிதிக்காமல் சுற்றிப் போனது. அப்படிப்பட்ட ஒழுக்கம் நம் ஊர்ப் பொடியன்களிடம்கூட இல்லை.

உன் தலைக்கு ஊர் முழுக்க வைத்தியம் சொல்லுகிறது. லெப்பை ஓதி ஊதிய தண்ணீர், விடியும் வெள்ளாப்பில் கடலில் மூன்று முழுக்கு, ஊர்க்கண்ணுக்குச் செத்தல் மிளகாய். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தால் தலையிடி மட்டுமல்ல, தலையே போய்விடும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு சொல். டொக்டர்மார் ஆயிரம் கேட்பார்கள். நீ சபூராய், பொறுமையாய் இரு. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லு. நோயை விரித்துச் சொன்னால் அதைத் தந்தவனைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். அதோடு, நமக்கெல்லாம் தாய் வழிதானே குடியும் வம்சமும். தாய் வழியில் ஒரு நோய் என்று ஒரு சொல் வெளியே போனால் போதும், அந்தக் குடியில் பிறந்த பொம்பிளைப் பிள்ளைகள் அத்தனை பேர் மேலும் அது ஏறிக்கொள்ளும். நம் குடியில் கொம்பன் யானை வேண்டுமானால் உண்டு, தலையிடி என்ற சாமானே கிடையாது.

நிந்தவூர் ஆட்கள் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நீ கேட்ட மற்றது: உன் உம்மா சுகம்.

கொம்பனுக்கு ஸலாம் சொன்ன கோமான்,
மீராசா மாமா

•

மெல்பர்ன்
19.03.2025

மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு எப்படிப் போகிறது? இங்கே நோன்பு லேசு. குளிர் தொடங்குகிறது, பகலும் குறுகுகிறது. இதுவரைக்கும் நான் பாதி நோன்புதான் பிடித்தேன். விட்டதைப் பிறகு பிடித்துக் களாச் செய்ய வேண்டும்.

என்னை எடுக்கவில்லை மாமா.

அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டொக்டர் பார்த்துவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று எனக்கு அவர் சொல்லாததுதான் குறை, அவ்வளவு சந்தோசமாகச் சொன்னார்: "உங்களுக்குக் கடுமை இல்லை. மாதத்தில் நாலைந்து நாள்தான். இது உங்களை விட மோசமான ஆட்களுக்கு." நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் ஏறினேன். இடையில் இறங்கி ஒரு மரத்தடியில் வாந்தி எடுத்தேன். வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிற ஒவ்வொரு காரும் தலைக்குள்ளே ஆணி அடித்துக்கொண்டு போனது.

இரவுச் சாப்பாட்டில் றிபாஸ் கேட்டார், "எந்த நாளையெல்லாம் நீ குறிச்ச?" விழுந்து படுத்த நாளையெல்லாம் குறித்தேன் என்றேன். "அப்ப மற்ற நாள்?" என்றார். மற்ற நாள் வேலைக்குப் போனேனே என்றேன். அவர் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விட்டார். மறுகா வந்து, "அப்ப இந்தக் கண்ணுக்கு மேலே கையை வைச்சுக்கிட்டு நீ சமைக்கிறியே, அதுக்குப் பேர் என்ன?" என்று கேட்டார். எனக்குப் பேர் தெரியவில்லை. நம் வீட்டில் உம்மா சொல்லுவாதானே, "எழும்பி நிண்டா அது தலையிடி இல்ல" என்று. நான் நின்றேன். அதனால் எழுதவில்லை.

ஜூலை முதலாம் திகதிக்குள் திரும்பவும் ஒரு மாத அட்டையைத் தொடங்கினால், இன்னொரு தடவை பார்ப்பார்களாம். அதற்குப் பிறகு ஆள் எடுப்பதில்லை. ஆனால் எதைக் குறிப்பது, எதை விடுவது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மாமா, நீங்கள் அரை முழ மீனைக் கடலளவாக்குகிறவர். உங்கள் யானைக்கு ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு முழம் வளருகிறது. என் தலையிடியை மட்டும் ஏன் மாமா எப்போதும் சின்னதாக்கினீங்க? பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்த அன்றைக்கு "காலையில தின்னல்ல, அதுதான்" என்று அதிபரிடம் சொன்னீங்க. நான் தின்றிருந்தேன்.

உம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

நப்லா

•

கல்முனை
06.04.2025

அன்பு மருமகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடி முடிந்தது. வட்டிலாப்பம் வழமை போல் கல்முனையையே மூழ்கடித்தது. நான் நீந்திக் கரை சேர்ந்தேன்.

உன் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுத்தைப் பார்த்தால் கண் கூசுது, நீங்க வாசிங்க காக்கா என்றா. வழமை போல் வாசித்தேன். நீ உம்மாவைப் பற்றி எழுதிய கடைசி வரி வந்த இடத்தில் நிறுத்தினேன். றுமானா கண்ணைத் திறக்காமலே, "ஏன் நிப்பாட்டினீங்க?" என்று கேட்டா. தொண்டை காய்ந்துவிட்டது என்று சொல்லி, தண்ணீர் குடிக்கப் போனேன். போனவன் போனவன்தான். வட்டை வரைக்கும் போய்விட்டேன்.

யானை வரவில்லை.

இங்கு யாவரும் சுகம்.

மீராசா மாமா

•

மெல்பர்ன்
11.05.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் றிபாஸும் நல்ல சுகம், அல்ஹம்துலில்லாஹ். வேலைக்குப் போய் வருகிறேன். அட்டை தொடங்கவில்லை. தேவையில்லை போல இருக்கிறது. என்னை விட மோசமான ஆட்களுக்கு அந்த இடம் போகட்டும். ஹஸ்னாவின் விசயம் நல்லபடி முடியத் துஆக் கேட்கிறேன். என்னைப் பற்றி ஒருவரும் கவலைப்பட வேண்டாம்.

நப்லா

•

மெல்பர்ன்
13.05.2025

மரியாதைக்குரிய மீராசா மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக. நான் கடிதம் எழுதிப் பழகாதவன். பிழை இருந்தால் பொறுக்கவும்.

நப்லா உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு கடிதம் எழுதித் தபாலில் போடச் சொல்லித் தந்தா. ஒட்டாமல் தந்தபடியால் வாசித்துவிட்டேன். அது என் பிழை. அதில் நல்ல சுகம் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தை அவ குளியலறைத் தரையில் இருந்து எழுதினா மாமா. காலையில் அங்கே விழுந்தவ, ஓடு குளிர்ச்சியாக இருக்குது, இப்படியே கொஞ்சம் இருக்கிறேன் என்று லைட்டை அணைக்கச் சொன்னா. பகல் ஆன பிறகு, சுவரில் சாய்ந்துகொண்டே, மடியில் காகிதத்தை வைத்து எழுதினா. நெற்றியில் வீக்கம் இன்னும் இறங்கவில்லை.

வயதானவர்களைப் பார்க்கிற இல்லத்தில் அவவுக்கு வேலை. அங்கே ஆட்களுக்கு எங்கே நோகுது, எவ்வளவு நோகுது என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறவ. தன்னுடையதைக் கேட்டால் வாய் திறப்பதில்லை. நான் அட்டையை எடுத்துக் குறிக்கப் போனேன். நோயாளி தன் கையால்தான் குறிக்க வேண்டும் என்று சட்டமாம்.

என் சொல் எடுபடவில்லை. உங்கள் சொல்லுக்கு அவ சிரிப்பா. உம்மாவின் சொல்லுக்குத்தான் அவ கேட்பா. ஜூலை முதலாம் திகதிதான் கடைசி.

தங்கள் மருமகன்,
றிபாஸ்

•

கல்முனை
16.06.2025

என் மகள் நப்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதைத் தபாலில் போடவில்லை. கூரியரில் அனுப்புகிறேன். கூரியர்க்காரன் "அவசரமா?" என்று கேட்டான். இந்த மீராசா நாற்பது வருசத்தில் முதல் தடவையாக அவசரப்படுகிறான் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

றிபாஸின் கடிதம் வந்தது. உம்மாவுக்கு வாசிக்கத் தொடங்கினேன். "வாசிக்க வேணாம், தாங்க" என்று கையை நீட்டினா. அவவே வாசித்தா. ஒவ்வொரு வரிக்கும் கண்ணை மூடிமூடித் திறந்து, ஒரு பக்கத்தை வாசிக்க அஸர் ஆகிவிட்டது. முடித்துவிட்டுச் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன்.

"எண்ட புள்ள தரையில கிடந்துக்கு நல்ல சுகம் எண்டு எழுதியிரிக்கா. இத ஆருட்டப் படிச்சா காக்கா?"

பதில் சொல்ல எனக்கு யானை ஒன்றும் அகப்படவில்லை.

போன சனிக்கிழமை நிந்தவூர் ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய், தாயின் தங்கச்சிமாரான ரெண்டு சாச்சிமார், தரகர் றஸாக் காக்கா. அன்றைக்குக் காலையில் இருந்தே றுமானாவுக்கு வந்துவிட்டது. அறையைச் சாத்தி, ஜன்னலுக்குப் போர்வை போட்டு, வாளியைப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் ஆட்களை எதிர்கொள்ள வந்தேன். இப்படியான நாளுக்கு என்னிடம் ஒரு கதை எப்போதும் இருக்கும், உனக்குத் தெரியும். அன்றைக்கு அதைப் பட்டாடை உடுத்தி இறக்கினேன். "எங்கட தங்கச்சி பெருநாள் கழிஞ்ச நாள் தொட்டு இபாதத்து வணக்கத்தில இரிக்கா. தஸ்பீஹ் கையை விட்டு இறங்குறதில்ல. வானத்து மலக்குமார் வந்து வாசல்ல செருப்புக் கழட்டிப் போட்டிரிக்காங்களோ எண்டு நான் தினம் குனிஞ்சு பாக்குறன்!" மாப்பிள்ளையின் தாய் "மாஷா அல்லாஹ்" என்றா. றஸாக் காக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் பொய்க்கு நானே அரைவாசி ஆமீன் சொல்லிவிட்டேன்.

அந்த நேரம் அறைக் கதவு திறந்தது.

நெற்றியை இறுக்கித் துணியால் கட்டியிருந்தா. ஒரு கையை ஹஸ்னா பிடித்திருந்தாள், மற்றக் கையால் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தா. முன் ஹோலில் இருந்த வெளிச்சத்துக்கு முகம் கோணிப் போயிற்று. வந்து இருந்தா. பெண்ணின் தாய் வந்து இருந்தால் மாப்பிள்ளையின் தாய்தானே முதலில் கேட்க வேண்டும். அவ கேட்டா, "சுகமா ராத்தா?"

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. எல்லாரும் அதை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். நானும்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றா றுமானா. "ஆனா சுகமில்ல."

சாச்சி ஒருத்தி குடித்துக்கொண்டிருந்த சர்பத்தை வாயில் இருந்து எடுத்தா.

"அல்லாஹ்வுக்குச் சொல்ல வேண்டியத சொல்லிட்டன். நீங்க கேட்டதுக்கும் சொல்லணுமே. எனக்கு ஒத்தைத் தலையிடி. மூத்தவள் பிறக்க முந்தி இருந்து. மாசத்தில சுகமான நாள எண்ணுறது லேசு. மூத்தவளுக்கும் இரிக்கி. காக்கா சொன்ன தஸ்பீஹ் இதுதான். இது தாய் வழியில வாறதாம். ஹஸ்னாவுக்கு இதுவரைக்கும் இல்ல. நாளைக்கு வராது எண்டு நான் சொல்ல மாட்டன்."

மாப்பிள்ளையின் தாய் மரியாதையாகத்தான் இருந்தா. "அல்லாஹ் ஷிஃபாவைத் தருவான்" என்றா. சர்பத்தைப் பாதியில் வைத்தா. அஸர் வந்துவிட்டது என்று எழும்பினார்கள். அஸருக்கு இன்னும் நேரம் கிடந்தது.

அவர்கள் போன பிறகு நான் கோபத்தில் ஆடினேன். "றுமானா! கையில வந்தத தட்டிவிட்டியே! இன்னொரு நாளைக்கு இதச் சொல்லியிருக்கேலாதா?" அவ திரும்பி அறைக்குள் போய்விட்டா. ஹஸ்னாதான் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "மாமா, எனக்கும் ஒரு நாளைக்கு வந்தா, அந்த மனிசனுக்கு எத்தின வருசத்துக்குத் தஸ்பீஹ் எண்டு சொல்லலாம் எண்டு இருந்தீங்க?"

உம்மா எழுதியதை உள்ளே வைத்திருக்கிறேன். நான் வாசிக்கவில்லை. வாசிக்க வேண்டாம் என்றா.

மாமா

•

(உள்ளே வைத்த கடிதம்)

மகள் நப்லா,

அஸ்ஸலாமு அலைக்கும். கொஞ்சம் கொஞ்சமாக எழுதுறன். எழுத்து அலையுது. கோணலாக இருந்தா குறை நினைக்காத.

எழும்பி நிண்டா அது தலையிடி இல்ல எண்டு உனக்குச் சொன்னது நான்தான். நான் எழும்பி நிண்டது தலையிடி இல்லாததால இல்ல மகள். அடுப்படியில வேற ஆள் இல்லாததால.

நீ நிக்கிற நாளையும் எழுது. சமைக்கிற நாளையும் எழுது. சுஜூதுக்குக் குனிஞ்சா மண்டை பிளக்குமே எண்டு பயந்து கதிரையில இருந்து தொழுவுற நாளையும் எழுது. வேலைக்குப் போய்ச் சிரிக்கிற நாளையும் எழுது. சொன்னா அல்லாஹ் கோவிக்க மாட்டான். அவனுக்கு முதலே தெரியும். டொக்டருக்குத்தான் தெரியாது.

டொக்டர் கேட்டா, "எண்ட உம்மாக்கும் இரிக்கி" எண்டு சொல்லு.

உன் உம்மா

•

மெல்பர்ன்
21.09.2025

மாமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இந்தத் தடவை சுகம் என்று தொடங்க மாட்டேன். இன்றைக்குப் பத்துக்கு நாலு. நாலென்றால் எழுதலாம், வாசிக்கலாம், வெங்காயம் வதங்குகிற மணம் மட்டும் கூடாது.

உங்கள் கூரியர் வந்த அன்றைக்கே அட்டையைத் தொடங்கினேன். முதல் கிழமை கை கூசியது. யாரோ பின்னால் நின்று "பொய் சொல்லுறாள்" என்று சொல்வது போல இருந்தது. மாதம் முடிய, வெறுமையான கட்டங்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. டொக்டர் பழைய அட்டையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது ரெண்டும் ஒரே ஆளா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் தொப்பி போட்டிருந்தால் கழற்றியிருப்பார் என்று நீங்கள் எழுதுவீங்க. அப்படி ஒன்றும் இல்லை. "இவ்வளவு காலமும் எப்படி வேலைக்குப் போனீங்க?" என்று மட்டும் கேட்டார். எடுத்துவிட்டார்கள்.

கருவி வைத்தல் போன கிழமையோடு முடிந்தது. பசை குளிர்ந்தது. காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நோகவுமில்லை. எனக்குப் போனது சத்தமா, சும்மாவா என்று அடுத்த வருசம்தான் சொல்லுவார்களாம். சும்மா என்றால் பிறகு சத்தம் தருவார்கள்.

இடையில் சில நாள் தலை லேசாக இருந்தது. காலையில் கண்ணைத் திறந்து, வரப்போகுது என்று காத்துக்கொண்டு கிடந்தேன். வரவில்லை. அழுதேன். பிறகு வந்தது. முன்னரை விடக் குறைவா என்று நேர்ஸ் கேட்கிறா. எனக்குச் சொல்லத் தெரியவில்லை மாமா. முன்னர் எவ்வளவு இருந்தது என்று நான் எண்ணினதே இல்லையே.

உம்மாவின் கடிதம் தலையணைக்குக் கீழே கிடக்கிறது. நிந்தவூரில் இருந்து ஏதும் வந்ததா? உம்மாவுக்கு எப்படி? கூட்டாமல் எழுதுங்கோ. குறைக்காமலும்.

நப்லா

•

கல்முனை
12.10.2025

அன்பு மகள் நப்லாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் நாலைத் தெருவுக்கே அறிவித்தேன். "நாலு எண்டா நல்லதா கெட்டதா?" என்று கேட்கிறார்கள். வெங்காயத்தைக் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

நிந்தவூரில் இருந்து றஸாக் காக்கா வாயிலாகப் பதில் வந்தது. பொடியனுக்கு இப்போது கலியாணத்துக்கு அவசரமில்லையாம். மறு மாதம் சாய்ந்தமருதில் அவனுக்கு நிக்காஹ் நடந்தது. பந்தலுக்கு எனக்கும் அழைப்பு வந்தது, போகவில்லை. றஸாக் காக்கா இப்போது என்னைக் கண்டால் சைக்கிளை மற்ற ஒழுங்கையால் திருப்புகிறார். சந்தையில் ரெண்டு பொம்பிளைகள் ஹஸ்னாவைப் பார்த்துத் தங்கள் நெற்றியைத் தொட்டுக் காட்டிக் கதைத்தார்களாம். அவள் வீட்டுக்கு வந்து நேரே அடுப்படிக்குப் போனாள். மீன் வெட்டினாள். வெட்டிய வேகத்துக்கு நான் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டேன். இது இன்னும் முடியவில்லை. எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று நான் எழுதுவதை நீ எங்காவது கண்டிருக்கிறாயா?

உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் பிள்ளை சின்ன வயது. எத்தனை வருசமாக என்று கேட்டாள். பழக்க தோசத்தில் நான் வாயைத் திறந்தேன். றுமானா என் காலை மிதித்தா. அவவே சொன்னா. முடியும் மட்டும் நான் வாங்குப் பலகையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். மருந்து தந்திருக்கிறார்கள். கொஞ்சம் கேட்கிறது, முழுக்க இல்லை.

அறை வாசலில் நான் போட்டிருந்த கதிரை இப்போது உள்ளே, கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வெள்ளாப்பில் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலால் வந்து அதில் இருந்து, "எத்தினை?" என்று கேட்பேன். முதலில் வெட்கப்பட்டா. "போங்க காக்கா, நானென்ன மீனா விக்கிறன்?" என்றா. இப்போது நான் கேட்க முன்னமே சொல்லுகிறா.

யானை ஒன்று வந்தது. சாதாரண யானை. வேளாண்மையைத் தின்றுவிட்டுப் போனது.

இந்தக் கடிதத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன். முடிக்கும் இடத்தில் வழமை போல "இங்கு யாவரும் சுகம்" என்று எழுதப் போனேன். கண்ணை மூடிக் கிடந்தவவுக்கு என் பேனை போன போக்கு எப்படி விளங்கியதோ, "நில்லுங்க காக்கா" என்றா.

ஏழு. உன் உம்மா சொன்னபடி எழுதியிருக்கிறேன். இன்றைக்கு ஏழு.

மாமா